பாயிண்ட் ரேட்: பல வருடம் இதில் வேலை பார்த்தவனின் அனுபவம்

ஈரோட்டில் புதிதாகத் தனியாக வயரிங் வேலை எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, பாயிண்டுக்கு எவ்வளவு சொல்லலாம்?" என்று கேட்டார். தொகை ஊருக்கு ஊர் மாறும். அதனால், லைட், ஃபேன், பிளக் என்று ஒவ்வொன்றையும் ஒரு பாயிண்டாக எண்ணி, எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கும் பாயிண்ட் ரேட் என்ற முறையைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். நாள் கூலியில் டீ குடிக்கப் போகும் நேரத்தைக்கூட வீட்டுக்காரர் கணக்குப் பார்ப்பார். பாயிண்ட் ரேட்டில் அந்தத் தொல்லை இல்லை. சுவர் வெட்டும் மெஷின் வாங்கியதிலிருந்து காடி எடுக்கும் வேலை, அதாவது பைப் பதிக்கச் சுவரில் பள்ளம் வெட்டுவது, சீக்கிரம் முடிகிறது. மிச்சமாகிற நேரம் முழுக்க நமக்குத்தான். நாள் கூலிக்காரர் அதே மெஷினை வாங்கினால் வேலை சீக்கிரம் முடிந்து சம்பளம்தான் குறையும். வேகமாக வேலை பார்க்கிறவருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது.

ஆனால், வேலை முடிந்து பாயிண்ட் எண்ண உட்காரும்போது ரத்தம் கொதிக்கிறது. மாடிப்படி விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கக் கீழே ஒரு டூவே சுவிட்ச், மேலே ஒன்று, இரண்டுக்கும் நடுவே தனியாக இரண்டு வயர். இரண்டு பாக்ஸுக்குச் சுவர் வெட்ட வேண்டும், பைப்புக்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங் வளைவில் சிக்கினால் அரை நாள் போய்விடும். வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "ஒரு லைட்டுதானேப்பா, ஒரு பாயிண்ட் போட்டுக்கோ" என்கிறார். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் இந்த டூவே பாயிண்டுக்குத் தனி ரேட்டே உண்டு. வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பாக்ஸிலிருந்து சுவிட்ச் போர்டு வரை வரும் வயரையும் அங்கே பாயிண்டில் சேர்க்காமல் மீட்டர் கணக்கில் தனியாக அளக்கிறார்கள். அரசாங்க வேலையில் செல்லுபடியாகிற கணக்கு, தனியார் வீட்டில் கேட்டால் மட்டும் பேராசை ஆகிவிடுகிறதா?

அப்புறம், 'ரவுண்டா' குறைத்துக்கொள் என்று வீட்டுக்காரர் பேரம் பேசுவது. கூலி, உதவியாள் சம்பளம், பெட்ரோல், பிளேடு எல்லாம் சேர்த்து உதாரணத்துக்கு 100 ரூபாய் அடக்கம் என்றால், மேலே 20 வைத்து 120 சொல்கிறோம். இதை 20 சதவீத லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குகிற காசில் அது ஆறில் ஒரு பங்குதான். அவர் கேட்டபடி பத்து சதவீதம் குறைத்தால் 108. லாபம் 20 இருந்த இடத்தில் மிஞ்சுவது 8. அவருக்குப் பத்து சதவீதம், நமக்கு லாபத்தில் அறுபது சதவீதம்! ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் கிடையாது, ஐப்பசி மழையில் கட்டட வேலை நின்றுபோகும். அந்த நாட்களிலும் வீட்டு வாடகை கட்டியாக வேண்டும். ஆகவே மாதச் செலவை 30 நாளால் வகுக்காமல், நிஜமாக வேலை கிடைக்கும் நாட்களால் வகுத்து அடக்கம் போடுங்கள்.

புது வீடு என்றால், தம்பி, பாயிண்ட் ரேட்டே சொல்லுங்கள். பாயிண்ட் என்றால் எது வரை, டூவே எவ்வளவு, ஏசி, கீசர் லைன் எவ்வளவு என்று எழுதி, ஸ்லாபில், அதாவது கூரைக் கான்கிரீட்டில், பைப் போடும் முன்பே கையெழுத்து வாங்குங்கள். ஸ்லாப், காடி, வயர், ஃபிட்டிங் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பணத்தை வாங்கிவிடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டேன். ஆனாலும் போன வாரம் நடந்த எண்ணிக்கைச் சண்டைக்குப் பிறகு எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. அடுத்த வேலைக்கு நாள் கூலிதான் பேசியிருக்கிறேன். வருமானம் குறையும், தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குக் காசை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தால் போதும் என்றிருக்கிறது.