கழற்றாத ஹெட்டுக்கு 41,500 ரூபாய்: வடசென்னையில் கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

"வால்வு, 16 நம்பர், 13,600 ரூபாய்." என் பழைய சான்ட்ரோ ஜிங்குக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்த தாளில் முதல் வரி இது. அந்த வண்டியில் இருப்பது 1086 சிசி இன்ஜின், நாலு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விட இரண்டு வால்வு, புகையை வெளியே தள்ள ஒரு வால்வு. ஆக மொத்தம் 12. மீதி நாலு வால்வை எங்கே மாட்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. அந்த 12-லும் ஒன்றைக்கூட மாற்றவில்லை, இன்ஜின் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் இருக்கும் மூடிப் பகுதியில், கையே வைக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னார்கள். மூலக்கடையைத் தாண்டி, பெரிய ஷெட், நாலு லிஃப்ட், வாசலில் எப்போதும் பத்து வண்டி நிற்கும். பெயரைவிட, எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும். இதே வித்தையை வேறு ஷெட்டிலும் காட்டலாம்.

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு வயதாகிவிட்டது, அறுவதற்கு முன்னால் மாற்றிவிடலாம் என்றுதான் அங்கே விட்டேன். பெல்ட், டென்ஷனர் மாற்றிக் கொடுத்தார்கள். திருவொற்றியூர் வரும்போதே வித்தியாசம் தெரிந்தது. முதல் கியரில் இழுவையே இல்லை. மூலக்கடை மேம்பாலம் ஏறுவதற்குள் பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை விடவே இல்லை. ஐடிலில் வண்டி உதறியது. ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் இல்லாத ஒரு நேரத்தில் நன்றாக முடுக்கினால், மேல் வேகத்தில் பரவாயில்லாமல் போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது.

திரும்பக் கொண்டுபோனேன். ஓனர் பானெட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "வால்வு போயிடுச்சு சார். எல்லாம் வளைஞ்சிருக்கு. ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பணும்" என்றார். சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் போடவில்லை, ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. போன வாரம்வரை நன்றாக இருந்த வால்வு பெல்ட் மாற்றியதும் எப்படி வளையும் என்று கேட்டதற்கு, "பழைய வண்டி சார், ஒண்ணைத் தொட்டா ஒண்ணு போகும்" என்றார். பிறகு வண்டியை எடுக்கப் போனபோது, கவரில் வளைந்த வால்வுகள் சிலவற்றைப் போட்டு, உங்கள் வண்டியில் இருந்தவை என்று காட்டினார்கள். வால்வு 13,600, சீட் கட்டிங்கும் (வால்வு உட்காரும் இடத்தைச் சீராக்குவது) ஹெட் ஃபேஸிங்கும் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது) 9,500, கேஸ்கட் செட் 4,400, லேபர் 14,000. ஜிபே-யில் 41,500 கட்டினேன். பிக்கப் அப்படியே திரும்பி வந்திருந்தது. அதனால் அப்போது சந்தேகப்பட ஒன்றுமில்லை.

வால்வு கவர் ஓரத்தில் ஆயில் கசிய ஆரம்பித்தது. அதுதான் அவர்களைக் காட்டிக் கொடுத்தது.

மறுபடி மூலக்கடை வரை போக மனமில்லாமல், தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் பாயிடம் விட்டேன். வயதானவர், ஒரே ஒரு பையன் உதவிக்கு. கவரைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஹெட் வேலை பண்ணதா சொன்னே? இங்கே வந்து பாரு." ஹெட்டை, சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்கோடு இறுக்கும் போல்ட்டுகளின் தலையில் வருடக்கணக்கில் வெந்து காய்ந்த ஆயில் பழுப்பு அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் ஓரங்களில் பளபளப்பு தெரியும், தெரியவில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வெளியே எட்டிப் பார்க்கும் கேஸ்கட் விளிம்பிலும் பழைய அழுக்கு. ஹெட்டை இறக்காமல் வால்வை மாற்றுவதும், ஃபேஸிங் பண்ணுவதும் நடக்கவே நடக்காத காரியம். வால்வின் தட்டு சிலிண்டர் பக்கம் இருக்கிறது. அதை அந்தப் பக்கமாகத்தான் உருவ முடியும்.

அப்படியானால் பிக்கப் எப்படித் திரும்பியது? பாய் டைமிங் கவரைக் கழற்றி, பெல்ட் ஓடும் மேல் பல்சக்கரமான கேம் புல்லியைக் காட்டினார். ஒயிட்னரால் போட்ட கோடு இரண்டு இருந்தது, ஒன்றுக்கொன்று ஒரு பல் தள்ளி. "மொதோ தபா பெல்ட்டை ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டானுங்க. ரெண்டாவது தபா சரியா மாட்டிட்டானுங்க. அவ்ளோதான் வேலை."

ஒரு பல்லுக்கு இவ்வளவா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பாய் புரியவைத்தார். அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் எந்த ஷெட்டிலும் நாலு கேள்வி கேட்கலாம்.

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் நாலு ஓட்டம் ஓடுகிறது. கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், மேலே ஏறும்போது அழுத்தும், எரிந்து மறுபடி கீழே தள்ளும், கடைசியாக மேலே ஏறிப் புகையை வெளியேற்றும். இந்த நாலு ஓட்டத்துக்குள், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும். ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். அதனால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில், ஒரு சுற்று சுற்றும். கிராங்க் புல்லியைப் போல இரண்டு மடங்கு பல் கேம் புல்லியில் இருப்பது அதற்காகத்தான். இன்ஜின் 3000 ஆர்பிஎம்-இல் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இந்த இரண்டு ஷாஃப்ட்டையும் கட்டி வைத்திருப்பது அந்த ஒரு ரப்பர் பெல்ட்தான்.

நுணுக்கம் எங்கே இருக்கிறது என்றால், வால்வு திறந்து மூடுவது பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும் அந்தப் புள்ளியில் அல்ல. உள்ளே விடும் வால்வு பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். சாதாரண பெட்ரோல் இன்ஜின்களில் கிராங்க் கணக்கில் 40 முதல் 60 டிகிரி வரை தாமதித்து மூடும். காலையில் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். முன்னால் இருப்பவர் நின்றுவிட்டாலும், பின்னால் வரும் வேகத்தில் இன்னும் நாலு பேர் உள்ளே போய்விடுவார்கள். காற்றுக்கும் அந்த வேகம் உண்டு. அந்த வேகத்தைப் பயன்படுத்திக் கொஞ்சம் கூடுதலாக நிரப்பிக்கொள்ளத்தான் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள். அதேபோல வெளியேற்றும் வால்வு, எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிப்பதற்கு முன்பே திறந்துவிடும். உச்சத்தில் சிறிது நேரம் இரண்டு வகை வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும். இந்தக் கணக்கு முழுவதையும் கேமின் வடிவத்திலேயே கம்பெனியில் செதுக்கி அனுப்புகிறார்கள். மெக்கானிக்கின் வேலை, மார்க்கோடு மார்க் சேர்ப்பது மட்டும்தான்.

இப்போது ஒரு பல் தள்ளினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கிராங்க் புல்லியில் 20 பல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கிராங்கில் 18 டிகிரி. 50 டிகிரியில் மூட வேண்டிய வால்வு 68-இல் மூடும். வேகம் குறைவாக இருக்கும்போது காற்றுக்கு உந்துதல் இல்லை. ஏறி வரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும். கம்ப்ரஷன் குறையும், இழுவை போகும். வேகம் ஏறினால் காற்றின் உந்துதலும் ஏறுவதால் அந்தத் தாமதம் அவ்வளவாகப் பாதிக்காது. அதனால்தான் என் வண்டி மேம்பாலத்தில் திணறியது, எண்ணூர் ரோட்டில் ஓடியது. பாய்க்கு இதைச் சொன்னதுமே, "அப்பவே சொல்லியிருப்பேனே, கேம் லேட்டா நிக்குதுன்னு" என்றார்.

வால்வு வளைந்திருந்தது என்ற கதை இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது. வால்வு தானாக வளையாது. திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் போய் மோதினால்தான் வளையும். பெரும்பாலும் ஓடும்போது பெல்ட் அறுந்தால் நடப்பது அது. கேம் நின்றுவிடும், கிராங்க் மட்டும் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வளைந்த வால்வு சீட்டில் சரியாக உட்காராது, அந்த சிலிண்டரில் கம்ப்ரஷனே நிற்காது. "எல்லாம் வளைஞ்சிருக்கு" என்பது உண்மையாக இருந்தால், என் வண்டியைத் திருவொற்றியூரிலிருந்து டோ பண்ணித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் ஓட்டிக்கொண்டு போனேன். கவரில் காட்டிய வால்வுகள் எந்த வண்டியுடையவையோ.

பாய் அன்றைக்கே கம்ப்ரஷனும் பார்த்தார். பிளக் நாலையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, சிலிண்டர் சிலிண்டராக கேஜ் வைத்தார். 175, 170, 175, 170 பிஎஸ்ஐ. நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நல்ல அழுத்தம். வருடக்கணக்கில் ஓடிய பழைய வால்வுகள்தான் இந்த எண்களைக் காட்டின.

யாராவது உங்களிடம் "வால்வு போயிடுச்சு" என்றால் இந்த கேஜைத்தான் முதலில் கேளுங்கள். சின்ன கடையிலும் இருக்கும். கால் மணி நேர வேலை. வால்வு எரிந்துபோனால் பெரும்பாலும் ஒரு சிலிண்டரில், மிஞ்சினால் இரண்டில்தான் அழுத்தம் விழும். எல்லா சிலிண்டரிலும் ஒரே அளவுக்கு விழுந்திருந்தால், அதுவும் பெல்ட்டில் கைவைத்த பிறகு விழுந்திருந்தால், முதல் சந்தேகம் டைமிங் மேல்தான் வர வேண்டும். ஹெட்டை இறக்குவதற்கு முன் இன்னொரு சோதனையும் உண்டு. பிஸ்டனை அழுத்தும் ஓட்டத்தின் உச்சத்தில், வால்வுகள் மூடியிருக்கும்போது நிறுத்தி, பிளக் துளை வழியாக கம்ப்ரஸர் காற்றை விட்டுக் கேட்பார்கள். சைலன்ஸர் பக்கம் உஸ் என்று கேட்டால் வெளியேற்றும் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் உள்ளே விடும் வால்வு, ஆயில் ஊற்றும் மூடி வழியாக வந்தால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். காதே போதும். புது வண்டிகளில் ஸ்கேனர் போட்டால் பி0016 (P0016) என்று ஒரு பிழைக் குறியீடு வரலாம். கிராங்கும் கேமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால், அது வால்வு ஆயில் சீலாக இருக்கலாம். அதற்கும் முழு ஹெட் வேலை என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே சீல் மாற்ற முடியும், கேட்டுப் பாருங்கள்.

ஹெட் வேலை எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. பெல்ட் அறுந்து வண்டி நடுரோட்டில் நின்றால் செலவு நிஜம்தான். அப்போது சாவியைத் திரும்பத் திரும்பத் திருகாதீர்கள், தப்பித்த வால்வும் வளையும். ஹெட்டை இறக்கியதும் போன் பண்ணச் சொல்லுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். லேத்துக்குப் போவதற்கு முன் உங்கள் போனில் ஒரு படம். லேத்தில் இருந்து வந்ததும் இன்னொரு படம். மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பெரம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு 2012 மாடல் வேகன் ஆர். "டைமிங் பெல்ட் மாத்தணும், 6,500 ஆகும்" என்று ஒரு ஷெட்டில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வண்டியில் இருக்கும் கே10 இன்ஜினில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். மாற்றியதாகச் சொல்லி டைனமோ பெல்ட்டை மாற்றியிருப்பார்களோ என்னவோ. உங்கள் வண்டியில் பெல்ட்டா செயினா, எத்தனை வால்வு என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே தகவல், மேனுவலில் இருக்கும்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்தது பில் அல்ல, மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்த தாள். ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. பில் கொடு என்று பிறகு கேட்டபோது, "பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும் சார், உங்க நல்லதுக்குத்தான்" என்றார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. ஜிபே ரசீது, அந்த எஸ்டிமேட், பாய் எடுத்துக் கொடுத்த போல்ட், கேஸ்கட், புல்லிப் படங்கள், கம்ப்ரஷன் எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்ட அவர் கடைத் தாள், இவ்வளவும் என்னிடம் இருக்கிறது.

முதலில் 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன். பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். அடுத்தது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

நோட்டீஸ் கையில் கிடைத்த அன்று சாயங்காலமே ஓனர் போன் செய்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எதுக்கு சார் இதெல்லாம், அடுத்த சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தர்றோம், வண்டியைக் கொண்டாந்து விடுங்க" என்றார். வண்டி இப்போது தண்டையார்பேட்டையில்தான் சர்வீஸுக்குப் போகிறது.