சோயா மீற் பக்கற்றும் உள்ளே கிடக்கும் சின்னப் பொட்டலமும்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தக் கடைக்குப் போனாலும் சோயா மீற்றுக்கென்று ஒரு தட்டு இருக்கும். கோழி, கணவாய், இறால் என்று சுவை பிரித்து அடுக்கியிருப்பார்கள். விரத நாளில் மரக்கறி விலையைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்கள் கைவைப்பதும் இங்கேதான். பக்கற்றுக்குள் இரண்டு சாமான் உண்டு: சோயாத் துண்டுகள், அவற்றோடு ஒரு சுவைத்தூள் பொட்டலம். முன்னதற்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். பின்னதுதான் சிக்கல்.

துண்டில் ஒளிக்க அதிகம் இல்லை. சோயா அவரையில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவைத் தண்ணீர் சேர்த்துக் குழைத்து, சூட்டோடும் அழுத்தத்தோடும் அச்சு வழியாகத் தள்ளுவார்கள். வெளியே வந்ததும் நீராவி விரிந்து துண்டு ஊதிக்கொள்ளும். காய்ந்த நிலையில் ஏறக்குறைய பாதி புரதம். ஆனால் ‘100 கிராமில் 50 கிராம் புரதம்’ என்ற வரி காய்ந்த துண்டுக்குத்தான் பொருந்தும். ஊறி மூன்று மடங்கு எடையானதும் அதே 100 கிராமில் சுமார் 17 கிராம்தான் இருக்கும். எந்த நிலையில் அளந்தது என்று பக்கற்றின் போசணை அட்டவணை சொல்லவில்லையென்றால், கோழியிறைச்சியோடு ஒப்பிட்டு மகிழ்வதில் பொருளில்லை. ஊறவைத்த தண்ணீர் கடும் கபிலமாக மாறினால் துண்டுக்கே நிறம் சேர்த்திருக்கிறார்கள்; பெரும்பாலும் 150 என்ற உணவுச் சேர்க்கை எண்ணில் வரும் கரமல். நிறம் சேர்க்காத துண்டின் தண்ணீர் வெளிர்மஞ்சளாகவே இருக்கும்.

இனிப் பொட்டலம். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்துவதுதான் விதி. ஆகவே உப்பு முதலில் நின்றால் நீங்கள் வாங்கியது முதன்மையாக உப்பு. பின்னால் சீனி, மோல்டோடெக்ஸ்ட்ரின் (மாப்பொருளிலிருந்து எடுக்கும் தூள்), 621, 635 என்ற சுவையூட்டி எண்கள், நீர்ப்பகுப்புச் செய்த தாவரப் புரதம், ‘அனுமதிக்கப்பட்ட சுவைமணம்’ என்று போகும். 621 எல்லோருக்கும் தெரிந்த அஜினமோட்டோதான், அதாவது குளுட்டமேற்றின் சோடியம் உப்பு. 635 என்பது 627, 631 இரண்டும் கலந்தது. தனியே அதற்குப் பெரிய வேலை இல்லை. குளுட்டமேற்றோடு சேரும்போதுதான் சிறிதளவே சுவையைப் பன்மடங்காக்கும். அதனால் 635ஐக் கண்டால் குளுட்டமேற்று எங்கே என்று தேடுங்கள். 621 இல்லையென்றால் அது ஈஸ்ற் சாற்றிலோ நீர்ப்பகுப்புப் புரதத்திலோ இருக்கும். பின்னது சோயா, சோளம், கோதுமைப் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து உடைத்து, அமிலத்தை முறிக்கும் காரப்பொருள் சேர்த்துச் சமப்படுத்தி எடுப்பது. உடையும்போது குளுட்டமேற்று வெளிவரும், சமப்படுத்தும்போது உப்பு உண்டாகும். முன்பக்கத்தில் ‘அஜினமோட்டோ சேர்க்கப்படவில்லை’ என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் இதைச் சேர்ப்பது சொல்லளவில் பொய்யில்லை. ஆனால் நேர்மையுமில்லை.

621ஐ நஞ்சு என்று பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. அதில் சோடியம் ஏறக்குறைய 12 சதவீதம், சாதாரண உப்பில் 39. கணக்குப் பார்க்கவேண்டியது மொத்தச் சோடியத்தை. அட்டவணையில் சோடியம்தான் இருக்குமென்றால் 2.5ஆல் பெருக்குங்கள், உப்பு வரும். 100 கிராமுக்கு 1200 மில்லிகிராம் சோடியம் என்றால் 3 கிராம் உப்பு. வளர்ந்தவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளளவே 5 கிராமுக்குக் கீழ். இலங்கையில் குளிர்பானங்களுக்கு 2016இலும் திண்ம உணவுகளுக்கு 2019இலும் வந்த சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இந்த இடத்தில் உதவும். ஆனால் அது சீனி, உப்பு, கொழுப்பு பற்றி மட்டுமே பேசும். சேர்மானம் பற்றி வாய் திறக்காது.

விரதகாரருக்கு முக்கியமானது 631. மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கலாம், மரவள்ளி மாவை நொதிக்கவைத்தும் எடுக்கலாம், எண் ஒன்றுதான். எண்ணைப் பார்த்துச் சைவமா அசைவமா என்று யாராலும் சொல்லமுடியாது. 635க்கும் இதே கதை. இந்தியப் பக்கற்று என்றால் பச்சைப் புள்ளியைப் பார்த்து முடிவெடுக்கலாம், அங்கே அது சட்டம். மற்றப் பக்கற்றுகளில் ‘தாவர மூலம்’ என்று எழுதியிருந்தால் எடுங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. யூரிக் அமிலம் கூடியவர்களும் இந்த எண்களைக் கவனிக்கவேண்டும், இவை உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் வகை.

‘சுவைமணம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருட்கள் அடங்கலாம், பிரித்து எழுதவேண்டியதில்லை. இறால் ஒவ்வாமை உள்ள வீட்டில் ‘இறால் சுவை’ப் பக்கற்றை, ஒவ்வாமை வரி தெளிவாக இல்லாவிட்டால், வாங்கவே வேண்டாம். தமிழ் வாசகருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல பக்கற்றுகளில் பெயர் மட்டும் தமிழில் பளிச்சென்று இருக்கும், சேர்மானப் பட்டியலை மற்ற மொழியில்தான் தேடவேண்டும். அதுவும் ஒட்டுமடிப்புக்குள் பாதி மறைந்து கிடக்கும்.

எமது பரிந்துரை: சுவை சேர்க்காத துண்டை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பொட்டலத்தை எறியுங்கள், மனம் வராதவர்கள் பாதி போட்டு வேறு உப்புச் சேர்க்காமல் விடுங்கள். துண்டைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் அவியவிட்டு வடித்து, இரண்டு தரம் குளிர்நீரில் அலசிப் பிழியவேண்டும். அவரைப் பச்சை வாடையும் சேர்த்த நிறமும் அதோடு பெரும்பாலும் போகும். பச்சைத் தண்ணீரில் சும்மா ஊறவிட்டால் நடுவில் கட்டி நிற்கும். பிழிவது போதாவிட்டால் குழம்பு உள்ளே இறங்காது, கறி சப்பென்று இருக்கும். பிறகு வெங்காயம், கறிவேப்பிலையோடு எண்ணெயில் வதக்கி, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டு, இரண்டாம் பாலில் கொதிக்கவைத்து, இறக்கும்போது முதற்பால். பொட்டலம் இல்லாத குறை தெரியாது.

புறக்கோட்டை மொத்தக் கடைகளில் சாக்கிலிருந்து நிறுத்துத் தருவது மலிவு, ஆனால் சேர்மானப் பட்டியலோ காலாவதித் திகதியோ இல்லை. ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

பக்கற்றில் திகதி அழிக்கப்பட்டிருந்தாலோ விலைக்கு மேல் விலை ஒட்டியிருந்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். சேர்மானம் பற்றிய சந்தேகம் உணவுச் சட்டத்தின் கீழ் வருவது, அதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோகவேண்டும். உறையையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் கொடுங்கள். தொகுதி இலக்கம் உறையில்தான் இருக்கிறது.