மரவடிவத் தரவு: ரிகர்சிவ் ஃபங்ஷனா, வித் ரிகர்சிவ் குவெரியா?

ஒவ்வொரு பதிவும் தன் தாய் வகையின் எண்ணைத் தாங்கி நிற்கும் சரக்கு அட்டவணையில் ஒரு வகையின் மொத்த இருப்பைக் கணக்கிட, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் தன்னைத்தானே அழைக்கும் (ரிகர்சிவ்) ஃபங்ஷனையும் எழுதலாம், முந்தைய சுற்றின் விடையிலிருந்து அடுத்த சுற்றை எடுக்கும் வித் ரிகர்சிவ் குவெரியையும் எழுதலாம். சரியாக ஓடும்வரை இரண்டும் ஒன்றுதான். பிழை தேட உட்காரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

ஃபங்ஷனில் நான் அதிகம் கண்ட பிழை இது. 'பருப்பு' என்ற வகையின் கீழ் துவரை 40 மூட்டை, உளுந்து 25 மூட்டை. விடை 65 வரவேண்டிய இடத்தில் வெறுமை வருகிறது. துவரைக்குக் கீழே பிள்ளைகள் இல்லாததால் அங்கே சம் என்னும் கூட்டல் சார்பு தருவது சுழியம் அல்ல, 'நல்' என்னும் வெற்று மதிப்பு. 40 உடன் அதைக் கூட்டினாலும் விடை வெற்றுதான் என்பதால், அந்த வெறுமை உச்சிவரை ஏறிவிடுகிறது. வெற்று மதிப்புக்குப் பதில் சுழியத்தைத் தரும் கோலெஸ் ஒன்றைச் சேர்த்தால் தீரும் கோளாறு. ஆனால் மரத்தின் எந்தக் கணுவில் தொடங்கியது என்று அறிய, ஓடும்போதே செய்தி காட்டும் ரெய்ஸ் நோட்டீஸை உள்ளே வைத்து, குவியும் செய்திகளைப் படித்தாக வேண்டும். பதிவுகளைத் திருப்பித்தரும் ஃபங்ஷனில், உள்ளழைப்பை, விடையைச் சேர்த்துத் தரும் ரிட்டர்ன் குவெரிக்குப் பதில், விடையைக் கைவிட்டுவிடும் பெர்ஃபார்ம் கொண்டு செய்தால், பிள்ளைகளின் பதிவுகள் சத்தமின்றித் தொலைவதும் உண்டு.

குவெரியில் இந்தத் தேடல் எளிது. ஆழத்தையும் வந்த பாதையையும் கூடுதல் புலங்களாகச் சேர்த்துவிட்டால், பிழை நேர்ந்த இடம் விடையிலேயே கண்ணில் படும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: வகை எண்களை மட்டும் எடுக்கும்போது, சுற்றுகளின் விடைகளை இணைக்கும் யூனியன் மறுபதிவுகளை நீக்கிவிடுவதால், ஒன்றுக்கொன்று தாயாகிவிட்ட வட்டத் தொடர்புக்குள்ளிருந்து தொடங்கினாலும் குவெரி நின்றுவிடும், ஆழப் புலத்தைச் சேர்த்ததுமே ஒவ்வொரு பதிவும் புதிதாகிவிட, அது நிற்கவே நிற்காது. போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்பில் வந்த, வட்டத்தைக் கண்டறியும் சைக்கிள் கூற்று இதைத் தடுக்கிறது. ஃபங்ஷனோ வட்டத்தில் சிக்கினால் அழைப்புகளின் அடுக்கு ஆழ வரம்பை மீறியதாகச் சொல்லி விழுகிறது. விழுவது நல்லதுதான், ஆனால் எந்தப் பதிவால் விழுந்தது என்பதை அந்தப் பிழைச்செய்தி சொல்வதில்லை.

பிற தரவுத்தளங்களில் வரம்புகள் வேறு: மைஎஸ்கியூஎல்லில் சேமித்த ஃபங்ஷன் தன்னை அழைக்கவே அனுமதி இல்லை; 8.0 முதல் குவெரி வழி உண்டு, அதன் இயல்பு வரம்பு 1000 சுற்று. எஸ்கியூஎல் சர்வரில் குவெரிக்கு இயல்பாக 100 சுற்று, ஃபங்ஷனுக்கு 32 அடுக்கு.

எனவே என் முதல் தெரிவு குவெரிதான். எனினும் பிள்ளைகளின் விடைகளில் மிகச் சிறியதை எடுத்துத் தாயின் விடையைத் தீர்மானிப்பது போன்ற கீழிருந்து மேல் கணக்குகளில் ஃபங்ஷனே இயல்பாகப் பொருந்தும். குவெரியின் சுழலும் பகுதியில் சம் போன்ற திரட்டுச் சார்புகளை போஸ்ட்கிரெஸ் ஏற்பதில்லை.

இரண்டும் ஒருசேரத் தவறவிடும் பிழை ஒன்றும் உண்டு. 17ஆம் எண் வகையின் தாய் 42, 42இன் தாய் 17 என்று தவறாகப் பதிந்துவிட்டால், அந்தக் கிளை வேரிலிருந்தே அறுந்துபோகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே தாய்தான் என்பதால் வேரிலிருந்து இறங்கும் எந்தத் தேடலும் அதைத் தொடாது; முடிவற்ற சுழலும் வராது, பிழைச்செய்தியும் வராது, மொத்தம் மட்டும் குறையும். ஆகவே கூட்டுத்தொகை குறைகிறது என்ற புகார் வந்தால், எழுதியதைத் திருத்தும் முன், வேரிலிருந்து எட்டிய பதிவுகளின் எண்ணிக்கையை அட்டவணையின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறேன்.