டெங்கு நேரம் ரத்தம் சோதிக்கப் போன லாப்: ஸ்லைடுக்காகப் போகலாம், பக்கேஜுக்காக வேண்டாம்

மாரி மழை விட்ட கையோடு மகனுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடுகிற என்எஸ்1 சோதனை பொசிட்டிவ், அப்புறம் ஒவ்வொரு நாளும் எஃப்பிசி (ரத்தக் கலங்களை எண்ணுகிற சோதனை) எடுக்கச் சொல்லிவிட்டார் டொக்டர், அதனால் யாழ் நகரத்துக்குள் இருக்கிற ஒரு தனியார் லாப்புக்கு ஒரு கிழமையாக அலைந்தேன். பெயர் வேண்டாம்.

ரத்தம் எடுக்கிற பிள்ளைக்கு நல்ல கை, குத்தினதே தெரியவில்லை என்றான் மகன். ஆனால் ரிப்போர்ட் ஒரு மணித்தியாலம் என்று சொல்லி மூன்று மணித்தியாலம் இருத்திவிடுவார்கள்.

நாலாம் நாள் வெள்ளைக் கலம் 2,900, பிளேட்லெட் 96,000, வெள்ளைக் கலத்தில் ஒரு வகையான லிம்போசைட் 52 வீதம், அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு ‘எச்’, கூடிவிட்டது என்ற குறி. மகனின் அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கவுண்டரில் கேட்டால் “டொக்டரிட்டைக் காட்டுங்கோ” என்றதோடு சரி. விடாமல் நின்றதில் உள்ளே இருந்து சோதனை செய்கிற எம்எல்டி தம்பி வந்தார். “அக்கா, மொத்தம் குறைஞ்சால் வீதம் கூடினமாதிரித்தான் தெரியும், பெருக்கிப் பாருங்கோ.” பெருக்கினால் 1,500 சொச்சம், வழமையான அளவுதான்! இதை அந்த ‘எச்’சுக்குக் கீழே ஒரு வரியில் அடித்தால் என்னவாம்?

ரிப்போர்ட்டின் அடியில் ‘ரியாக்டிவ் லிம்போசைட் உண்டு’ என்று கையால் எழுதியிருந்தார். அது என்ன தம்பி என்றதற்கு ரத்தம் தடவிய ஸ்லைடை நுணுக்குக்காட்டியிலேயே காட்டினார். ஊதாக் கரு, சுற்றிவர நீலம், பக்கத்துச் சிவப்புக் கலம் முட்டுகிற இடமெல்லாம் விளிம்பு வளைந்து, கல்லில் ஊற்றிய தோசை மாப்போலப் பரவிக் கிடந்தது. வைரஸைக் கண்டு உசாரான கலமாம். முதல் நாட்களில் என்கே என்ற காவல் கலங்கள் சமாளிக்கும், வைரஸ் புகுந்த கலத்தைக் கொல்லுகிற சிடி8 ரி கலங்கள் (இவையும் லிம்போசைட்தான்) பெருகி வரக் கிட்டத்தட்ட ஒரு கிழமை செல்லும். வந்தால், வைரஸ் துண்டை வெளியே காட்டுகிற கலத்தில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு கிரான்சைம் என்ற நொதியை உள்ளே விடும், கலம் தானாகவே செத்துப்போகும். அந்தத் துண்டை எங்கள் சொந்த அடையாளத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் ரி கலம் நம்புமாம், அதைக் கண்டுபிடித்த டோஹர்ட்டிக்கும் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு வெளியே வந்தால் கவுண்டரில் ‘இம்யூனிட்டி பக்கேஜ்’ தள்ளப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது வைட்டமின் டியும், காலையில் நான் காசு கட்டிய அதே எஃப்பிசியும். ரி கலத்தைப் பிரித்து எண்ண ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற தனிக் கருவிச் சோதனை வேண்டும், ஸ்லைடில் ரி லிம்போசைட்டும் பி லிம்போசைட்டும் ஒரே முகம்தான்.

ஏழாம் நாள் பிளேட்லெட் ஏறியது. பில்லில் இருந்த ‘பிரிண்டிங் சார்ஜ்’ எதற்கு என்று மட்டும் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.