டூ பேக் எபாக்சி பிரைமர்: பத்மினிக்கு அடித்து இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

அப்பாவின் பிரீமியர் பத்மினி, 1986 மாடல். திருவான்மியூரில் கடற்காற்று நேராக வந்து மோதுகிற தெருவில் நிற்கிற வண்டி, அதனால் துருவைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டாம். முழு பெயிண்ட் இரண்டு முறை அடித்தாகிவிட்டது. முதல் முறை பணம் போனது. இரண்டாம் முறை டூ பேக் எபாக்சி பிரைமர், அதாவது இரண்டு டின்னாக வந்து கலந்து அடிக்கிற அடிப்பூச்சு, வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று அடிக்க வைத்தேன். இரண்டு வடகிழக்குப் பருவமழை போகட்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்திருந்த விமர்சனம் இது.

முதல் முறை என்ன ஆனது என்று சொன்னால்தான் இந்த டின்னின் அருமை புரியும். பட்டறை பெயர் வேண்டாம். பழைய பெயிண்டை எல்லாம் ரிமூவர் போட்டுச் சுரண்டி, வண்டி முழுவதையும் ஒரே வாரத்தில் வெறும் தகடாக ஆக்கிவிட்டார்கள். பளபளவென்று வெள்ளி மாதிரி இருந்தது, நானும் போட்டோ எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அப்புறம் பெயிண்டர் ஊரில் கல்யாணம் என்று போனவர் பதினொரு நாள் கழித்து வந்தார். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள், அதுதான் பெரிய தப்பு. ராத்திரி தகடு குளிர்ந்ததும் தார்ப்பாய்க்குள் இருக்கிற ஈரக்காற்று அதன்மேலேயே வியர்த்து நிற்கும், காய வழியில்லை. திறந்து பார்த்தால் பானட்டிலிருந்து டிக்கி வரை டீ டிகாஷன் நிறத்தில் ஒரு படலம். எமரி ஷீட்டால் மேலாகத் தேய்த்துவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, கலரும் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மழைக்கே கதவின் அடிப்பக்கமும் ஹெட்லைட்டைச் சுற்றியும் பொரி பொரியாகக் கிளம்பிவிட்டது. நகத்தால் குத்தினால் உள்ளே பழுப்புத் தூள்.

ரெட் ஆக்சைடு என்ற பேரைக் கேட்டு நம்பிவிடுகிறோம். அந்தச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான், துருவோடு ஒன்றுவிட்ட உறவு. துருவைத் தடுக்கிற வேலையைப் பழைய காலத்தில் ஈயச் சிவப்பு செய்தது, ஆனால் அது விஷம். இந்தச் சாதா ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் கிரில்லுக்கும் போதும். கார் தகட்டில் ஈரம் மெல்ல உள்ளே இறங்கத்தான் செய்யும், அதற்கு மேலே இருக்கிற பட்டியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சரி, எபாக்சிக்கு வருகிறேன். பிரைமர் ஒரு டின், அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு டின். நான் வாங்கியதில் நாலுக்கு ஒன்று கலவை. ஒவ்வொரு கம்பெனிக்கும் இது மாறும், டின்னில் போட்டிருப்பதைப் படியுங்கள். எங்கள் பெயிண்டர் முப்பது வருட அனுபவத்தில் கண்ணளவாகக் கலந்தார். முதல் மட்கார்டு இரண்டு நாள் கழித்தும் விரலில் ஒட்டியது, மொத்தத்தையும் தின்னர் போட்டு வழித்தோம். அதற்குப் பிறகு அளவு போட்ட கப் இல்லாமல் டின்னைத் திறக்க நான் விடவில்லை. கலந்த பிறகு அரை மணி நேரம் அப்படியே வைக்கச் சொல்லியிருந்தார்கள், அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

எனக்குப் பிடித்ததே இது தரும் நிம்மதிதான். இரண்டு கோட் அடித்துக் காய்ந்துவிட்டால், பெயிண்டர் எந்தக் கல்யாணத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும். டிக்கி கதவு மட்டும் வேறு காரணத்தால் இரண்டு மாதம் பிரைமரோடு ஷெட்டில் கிடந்தது, ஒரு புள்ளி துரு இல்லை. வெயிலில் மட்டும் அப்படிப் போடக்கூடாது, எபாக்சி வெயில் பட்டால் சுண்ணாம்பு மாதிரி மாவாகிவிடும். நாள் அதிகமாகிவிட்டால் அடுத்த கோட்டுக்கு முன்னால் வாட்டர் பேப்பரால் ஒரு தேய்ப்பு வேண்டும், இல்லாவிட்டால் மேல் பெயிண்ட் பிடிக்காமல் தோல் மாதிரி உரியும்.

ஆனால் டின்னை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. வண்டியை மொத்தமாக உரிக்கவே கூடாது என்பதுதான் நான் கற்றது. காலையில் ஒரு கதவைத் தகடாக்கினால் அன்று மாலைக்குள் அதற்குப் பிரைமர் ஏறியாக வேண்டும், முடியாதென்றால் அன்று உரிக்க வேண்டாம். 80 நம்பர் பேப்பரால் கீறல் விழத் தேய்த்த பிறகு வெறும் கையால் தொடக்கூடாது, வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகையாகவே துரு வரும். துடைக்கப் பட்டறையில் கிடக்கிற பனியன் வேஸ்ட்டை எடுத்துவிடாதீர்கள், அதில் ஆயில் இருக்கும். சுத்தமான இரண்டு துணி, ஒன்றை எண்ணெய்ப் பசை நீக்கும் கிளீனரில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் மற்றதால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். தூசி இருக்காது என்று எங்கள் ஆள் விடியற்காலையில் அடிக்கவே விரும்பினார், ஆனால் அப்போதுதான் தகடு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் இருக்கும். காற்றின் பனிநிலையைவிட, அதாவது காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகப் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலையைவிட, தகடு குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு. நாங்கள் பதினொரு மணிக்கு மேல்தான் ஆரம்பித்தோம். அந்த வெயிலில் கலவை சீக்கிரம் கெட்டியாகிவிடுகிறது, ஸ்ப்ரே கன்னுக்குள் இறுகினால் கன்னே போச்சு, ஆகவே ஒரு பேனலுக்கு வேண்டியது மட்டும் கலக்க வேண்டியிருந்தது. கன்னுக்குக் காற்று தருகிற கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்து பார்த்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. இத்தனை பாடுபட்டுக் காயவைத்த தகட்டின்மேல் அதைத்தான் ஊதியிருப்போம்.

புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கியும் வாங்கச் சொன்னார், கூடவே டெல்லி இரும்புத் தூண் கதையும். கதை பொய்யில்லை, அந்தத் தூண் சுமார் 1600 வருடம் நிற்பதற்கு அதன் இரும்பில் இருக்கிற அதிகப்படியான பாஸ்பரஸ் ஒரு முக்கியக் காரணம். தரைத்தகட்டில் குழி குழியாக இருந்த துருவுக்கு அந்த அமிலம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதை நன்றாகக் கழுவி உடனே காயவைக்காமல் மேலே எபாக்சி அடித்தால், மிச்ச அமிலம் ஹார்டனரைக் கெடுத்து, பிரைமர் பிடிக்காது. டீசல் தடவி வை, துரு வராது என்று இன்னொருவர் சொன்னார். வராதுதான், ஆனால் பிறகு பெயிண்டும் ஒட்டாது.

குறைகள்: விலை ரெட் ஆக்சைடைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆனது. முழுதாக இறுகும் முன் தேய்த்தால் பேப்பரை அடைத்துக்கொள்ளும். ஹார்டனர் தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜி வரும், கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை, கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கும் கிளவுஸும் வேண்டும். பெயிண்டர் அதைப் போட்டுக்கொள்ள நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

இன்றைக்குக் கதவடி, ஹெட்லைட் ஓரம் எல்லாம் சுத்தம். கிளம்பியிருப்பது ஒரே இடத்தில், டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே ஓடுகிற பாக்ஸின் ஓரத்தில் இரண்டு குமிழ். வெளியிலிருந்து இல்லை, உள்ளிருந்து வந்த துரு அது. அந்தக் கூட்டுக்குள் ஸ்ப்ரே கன் போகாது, தண்ணீர் வடியும் ஓட்டையைப் பழைய பட்டறை பட்டி வைத்து அடைத்திருந்தது எனக்கும் தெரியாது. இப்போது ஓட்டையைத் திறந்து, நீளக் குழாய் விட்டு மெழுகு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.