குவாட்9 டிஎன்எஸ்: வீட்டு இணையத்துக்குக் கட்டணமில்லாக் காவல்

வீட்டு இணையப் பாதுகாப்பு என்றதும் பலர் ஆன்டிவைரஸைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய ஐபி முகவரியை (எண் வடிவ முகவரியை), பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டறிந்த பிறகே இணைப்பு ஏற்படுகிறது. எனவே காவலை அங்கேயே அமைப்பதுதான் செலவில்லாத முதல் ஏற்பாடு. அதைச் செய்யும் குவாட்9 சேவையை வீட்டு ரவுட்டரில் அமைத்துப் பயன்படுத்தி வருகிறேன், தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஐபிஎம் நிறுவனமும், பாக்கெட் கிளியரிங் ஹவுஸ், குளோபல் சைபர் அலையன்ஸ் என்ற லாப நோக்கற்ற இணைய அமைப்புகளும் சேர்ந்து 2017 நவம்பரில் தொடங்கிய இச்சேவையை, இப்போது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. பதிவு, கட்டணம் எதுவும் கிடையாது. பயனரின் ஐபி முகவரியைச் சேமித்து வைப்பதில்லை என்பது அவர்களின் கொள்கை.

மின்கட்டணம் கட்டாததால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று மிரட்டும் குறுஞ்செய்தியில் உள்ள சுட்டியை வீட்டில் யாராவது அழுத்திவிட்டாலும், அந்தப் போலித் தளத்தின் பெயர் குவாட்9 வைத்திருக்கும் தடைப்பட்டியலில் இருந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பதில்தான் வரும், பக்கம் திறக்காது. இதில் ஒரு குறையும் உண்டு. தடுத்தது ஏன் என்று எந்த விளக்கமும் திரையில் தோன்றாததால், விவரம் அறியாதவர்கள் நெட் போய்விட்டது என்றே எண்ணுவார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அமைப்பது கடினமில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குச் சென்று (பிரவுசரில் தட்ட வேண்டிய முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), டிஎன்எஸ் கட்டங்கள் இரண்டில் முதலாவதில் 9.9.9.9 என்றும் அடுத்ததில் 149.112.112.112 என்றும் இட்டுச் சேமித்தால், டிவி உட்பட அந்த வைஃபையில் இணையும் கருவிகளில் தனியாக வேறு டிஎன்எஸ் அமைக்காத அனைத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கும். இரண்டாவது கட்டத்தில் தடுப்பு வசதியில்லாத வேறு நிறுவனத்தின் முகவரியை இடக்கூடாது. கருவிகள் இரண்டில் எதையும் கேட்கக்கூடும் என்பதால் காவலில் ஓட்டை விழுந்துவிடும். அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே, ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் அதற்குள் நுழைய முடிந்தவர் இந்த எண்களையும் மாற்றிவிட முடியும்.

இணைய நிறுவனம் தரும் சில ரவுட்டர்களில் இந்தக் கட்டங்கள் பூட்டப்பட்டிருக்கும். அப்போது கருவி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டியதுதான். ஆண்ட்ராய்டு 9 முதலான போன்களில் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் குவாட்9 தரும் பெயரை இட்டால், டிஎன்எஸ் கேள்விகள் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதோடு மொபைல் டேட்டாவிலும் அதே தடுப்பு தொடரும்.

விளம்பரங்களையோ ஆபாசத் தளங்களையோ இது தடுக்காது. குழந்தைகளுக்காக ஆபாசத் தளங்களை வடிகட்டுவது தேவைப்படுவோருக்கு, கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் வெளியிட்ட 1.1.1.3 என்ற டிஎன்எஸ் பொருத்தமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் கோப்பாகவே வந்துசேரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு) செயலியையும், பட்டியலில் இன்னும் ஏறாத புத்தம் புதிய மோசடித் தளத்தையும் குவாட்9 நிறுத்தாது என்பதால், ஓடிபியைப் பகிராமல் இருப்பது முதலான எச்சரிக்கைகள் அப்படியே தொடர வேண்டும். நம்பகமான தளம் ஏதேனும் திறக்க மறுத்தால், அது தடுக்கப்பட்டுள்ளதா என்பதைக் குவாட்9 இணையதளத்தில் பெயரை இட்டுத் தேடிப் பார்க்கலாம். தவறாகத் தடுத்திருந்தால் அங்கேயே முறையிடலாம்.