மூன்று மாத விருந்தாளியா, பத்து மாதப் பிள்ளையா?

அமெரிக்காவில் வெளிநாட்டுப் பள்ளி மாணவர் ஒருவரை வீட்டில் தங்கவைத்துக்கொள்ளப் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. ரோட்டரி சங்கத்தின் வழியாகச் சில மாதங்கள் வைத்துக்கொள்ளலாம். ஏஎஃப்எஸ் போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகளின் வழியாகக் கல்வியாண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் தனியார் பள்ளிக்கு வருபவரை மாதப் பணம் பெற்றுக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். ஓஹையோவில் உள்ள எங்கள் வீட்டில் முதல் இரண்டையும் செய்திருக்கிறோம். மூன்றாவதை அடுத்த தெருத் தோழியின் வீட்டில் கூடவே இருந்து பார்த்தேன். எது நல்லது என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்டால், உங்களால் எத்தனை மாதம் ஒதுக்க முடியும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ரோட்டரியில் சுமை பங்கிடப்படுகிறது. ஓராண்டுக்கு வரும் மாணவர் பெரும்பாலும் இரண்டு மூன்று வீடுகளில் மாறி மாறித் தங்குவார். கைச்செலவுக்கு மாதந்தோறும் சங்கம் பணம் தருகிறது. வீட்டாரிடம் சொல்லத் தயங்குவதைச் சொல்லிக்கொள்ளத் தனியே ஓர் ஆலோசகரும் உண்டு. மாணவருக்கு நான்கு தடைகள்: வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, போதைப்பொருள் கூடாது, காதல் கூடாது. முதல் தடை நடைமுறையில் நம் தலையில்தான் விழுகிறது. பள்ளிக்கும் கால்பந்துப் பயிற்சிக்கும் நாம்தான் காரில் கொண்டுபோய் விட வேண்டும்.

எங்களிடம் வந்த பிரேசில் பையனுக்கு நாங்கள் இரண்டாவது வீடு. டிசம்பரில் வந்து மார்ச்சில் அடுத்த வீட்டுக்குப் போனான். பல நாட்டுச் சின்னங்கள் குத்திய ரோட்டரி கோட்டை அணிந்துகொண்டு வந்த முதல் நாளே எல்லோரையும் சிரிக்க வைத்தான். சுண்டிய பாலும் கொக்கோவும் சேர்த்து அவன் உருட்டிய பிரிகடெய்ரோவைத் திரட்டுப்பால் என்றே என் மாமியார் அழைத்தார். அவன் இருந்த நாட்களில் வீடே கலகலப்பாக இருந்தது. ஆனால் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல்கூட வரவில்லை, வருவதற்குள் கிளம்பிவிட்டான். மூன்று மாதம் வரை எல்லோரும் நல்லவர்களாகவே இருந்துவிட முடியும்.

முழு ஆண்டு வேறு மாதிரி. முதல் உலகப்போரில் பிரான்ஸ் களங்களில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பாகத் தொடங்கியதுதான் ஏஎஃப்எஸ். இரண்டு போர்களையும் பார்த்தவர்கள், பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் வளர்ந்தால் பகை குறையும் என்று நம்பி, 1947ல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களை வரவழைத்தார்கள். அதே நம்பிக்கையில் 2002ல், செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, செனட்டர்கள் கென்னடி, லூகர் பெயரில் அமெரிக்க அரசு தொடங்கியது 'யெஸ்' மாணவர் பரிமாற்றத் திட்டம். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்கள் முழு உதவித்தொகையில் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த இந்தோனேசியப் பெண் அப்படி வந்தவள்தான்.

இதற்கான நிபந்தனைகள் கடுமையானவை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வீட்டில் உள்ள 18 வயது நிறைந்த அனைவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். மாணவருக்கென்று தனிக் கட்டில் வேண்டும். காற்றடைத்த மெத்தையை ஏற்கமாட்டார்கள். அமைப்பின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதந்தோறும் பேசுவார். இவ்வளவுக்கும் நமக்குச் சம்பளம் எதுவும் கிடையாது.

ஆகஸ்டில் வந்தவள் அக்டோபரில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவெல்லாம் ஊருக்குப் பேசினாள். காலையில் சாப்பிட மறுத்தாள். எங்கள் வீடு பிடிக்கவில்லையோ என்று நான் வருந்தினேன், பிறகு கோபப்பட்டேன், ஒரு நாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அதற்குப் பிறகுதான் பாத்திரம் கழுவும் முறை அவளுக்கும் வந்தது. அதுவரை விருந்தாளி என்று விட்டுவைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் என் மகளும் அவளும் சொற்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்தோனேசிய மொழியில் கப்பலுக்குக் 'கபால்', கடைக்குக் 'கெடாய்', மாங்காய்க்கு 'மங்கா'. கடல் தாண்டிப் போன நம் சொற்கள் ஓஹையோ சமையலறைக்குத் திரும்பி வந்ததைக் கண்டு என் மகளுக்கு உண்டான வியப்பை எந்தத் தமிழ் வகுப்பும் தந்ததில்லை. ரமலானில் சஹர் உணவுக்கு விடியும் முன்பே எழுந்தோம். நாகூர்த் தோழியிடம் தொலைபேசியில் கேட்டு நோன்புக் கஞ்சி வைத்தேன். முதல் கரண்டியிலேயே அவள், "எங்கள் ஊர் புபுர் மாதிரி இருக்கிறது, ஆன்ட்டி" என்றாள். பத்து மாதம் வைத்துக்கொள்வதில் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கஞ்சியைத்தான் சொல்கிறேன்.

இனி மூன்றாவது வழி. எஃப்-1 விசாவில் அரசுப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதம்தான் படிக்கலாம், அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும். அதனால் பலர் தனியார் பள்ளிகளுக்கு வருகிறார்கள்; அங்கே அந்த வரம்பு இல்லை. தோழி வீட்டுக்கு வந்த சீன மாணவனிடம் முதல் ஆண்டில் ஒரு வேலை சொல்லவும் அவள் கூசினாள். பணம் வாங்குகிறோமே என்ற எண்ணம் நாவைக் கட்டிப்போட்டது. அவனும் உணவு பிடிக்காவிட்டால் அவளிடம் சொல்லாமல் ஏஜென்சிக்கு எழுதினான். பணம் வாங்கினால் உறவு வராது என்று அப்போது நான் உறுதியாகச் சொல்லிவந்தேன். அது தவறு. மூன்றாம் ஆண்டில் அவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது இரண்டு வாரம் சமைத்தவன் அவன்தான். பட்டமளிப்பு நாளில் முன்வரிசையில் அவளை உட்காரவைத்தான். பணம் போட்ட வேலி விழ மூன்று ஆண்டுகள் ஆயின. பணமில்லாத வீட்டில் அது அக்டோபரிலேயே விழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வேறுபாடு இவ்வளவுதான். வீட்டுக் கடன் அழுத்தும் குடும்பம் இந்த வழியைத் தேர்ந்தால் அதில் எந்தக் குறையும் இல்லை.

வரிச் சலுகையை நம்பி யாரும் இறங்க வேண்டாம். தகுதியான அமைப்பு வழியாக, பணம் பெறாமல் வைத்துக்கொள்பவர் மாதம் 50 டாலர் வரையிலான செலவை நன்கொடையாகக் காட்டலாம். உங்கள் பிள்ளை பதிலுக்கு வெளிநாட்டு வீடு ஒன்றில் தங்கும் நேரடிப் பரிமாற்றம் என்றால் அதுவும் கிடையாது.

வீட்டில் அறை இல்லாதவர்கள் ரோட்டரி ஆலோசகராகவோ உள்ளூர் ஒருங்கிணைப்பாளராகவோ இருக்கலாம். முதல் சில வாரங்களுக்கு மட்டும் மாணவரை வரவேற்று வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் தேவைப்படுகின்றன. என் அழுகை அக்டோபரில் முற்றிப்போகாமல் காத்தவர் எங்கள் ஒருங்கிணைப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்தோனேசியப் பெண்ணை ஒரு சனிக்கிழமை தன் வீட்டுக்கு அழைத்துப்போய், 'பை' (pie) பலகாரம் சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு, எனக்குத் தொலைபேசியில் ஒரு மணி நேரம் காது கொடுத்தார்.

பத்து மாதம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு முழு ஆண்டையே சொல்வேன். முதல் முறை என்று அஞ்சுபவர்களுக்கு ரோட்டரி. எதுவானாலும் வசந்த காலத்திலேயே உங்கள் பள்ளியைக் கேளுங்கள். ஜே-1 எனும் பரிமாற்ற விசாவில் வரும் மாணவருக்குப் பள்ளியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். வீடு ஆகஸ்ட் 31க்குள் உறுதியாக வேண்டும். பல பள்ளிகள் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வைத்திருக்கின்றன. ஜூலையில் மனம் வந்து கேட்டபோது எங்கள் பள்ளியில் இடம் தீர்ந்திருந்தது. இந்தோனேசியப் பெண் எங்கள் வீட்டுக்கு வர நாங்கள் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.